சர்க்யூட்டில் வராத சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கீழே நாலடி மூலை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கோலி என்கிற பத்துக்குப் பதினைந்து அடி ஒற்றை அறை வீட்டில் பகல் வெளிச்சம் விழுகிற இடம் அது மட்டும்தான். அந்த மூலைக்காக நானும் என் வீட்டுக்காரர் இசக்கிதுரையும் போட்ட சண்டையை எழுதினால் ஒரு குயர் நோட்டு பத்தாது.

நான் பிளவுஸ் தைக்கிறவள். வயது நாற்பத்தாறு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டும் என்றால் ஜன்னல் வெளிச்சம் வேண்டுமா வேண்டாமா? வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என் தம்பி கல்யாணத்துக்காக நான் திருநெல்வேலி போய் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால், மூலையில் ஒரு மேஜை. சும்மா போட்ட மேஜை இல்லை. சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார். இது களவாணித்தனம் இல்லாமல் வேறு என்ன?

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு மேசதானட்டி" என்றார்.

பதினோரு வருஷமாக அந்த ஒரே ஒரு மேஜை அங்கேயே இருந்தது. அதன் மேல் வால்வுகள், ட்ரான்ஸ்பார்மர்கள், ஈயக் கம்பிச் சுருள், இரண்டு மீட்டர், பழைய ரேடியோவின் குடல்கள். என் தையல் மிஷின் வாசற்படி ஓரத்தில். யாராவது உள்ளே வந்தால் நான் காலை மடக்க வேண்டும், வெளியே போனால் மிஷினை நகர்த்த வேண்டும். ட்யூப் லைட்டில் ஊசி கோத்துக் கோத்து எனக்குக் கண்ணில் நீர் வடிகிறது என்று சொன்னால், "கண்ணாடி மாத்து" என்பார். அவரை மாற்ற முடிந்தால் நான் ஏன் கண்ணாடியை மாற்றப் போகிறேன்?

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை, லிப்ட் மெக்கானிக். மாட்டுங்கா, தாதர் பக்கம் முப்பது கட்டடங்களின் லிப்டுகள் அவர் கையில். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் டெஸ்டர், உள்ளங்கையில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ். சாப்பிடும்போது கூட ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவார். பக்கத்து வீட்டு டிவியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், "எர்த்து சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பார். இன்னொன்று, அவருக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்கிறீர்களா? எங்கள் முத்துமாரியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "பிள்ளைக்கு அவ அம்மாவ விடக் கோவம் ஜாஸ்தி" என்று சொன்ன ஆள் இவர். மாப்பிள்ளை நல்லவராக இருந்ததால் அவள் இன்று சான்பாடாவில் இருக்கிறாள்.

இவருக்குப் பஞ்சு சார் பழக்கமானது ஒரு லிப்டில்தான். பஞ்சு சார் இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர், மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நாலாவது மாடி. ஒரு நாள் லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே அவர். இவர் போய்க் கம்பிக் கதவு வழியாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பேச்சு எப்படியோ வால்வு ஆம்ப்ளிபயருக்குப் போய்விட்டது. லிப்ட் சரியான பிறகும் இரண்டு பேரும் கதவைத் திறக்காமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நின்றிருக்கிறார்கள். மற்ற மாடிக்காரர்கள் எல்லாம் படியேறியபடி திட்டிக்கொண்டு போனார்களாம்.

பஞ்சு சாருக்குக் காது ரொம்ப நுட்பம். நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். ஸ்பீக்கர் வயர் தரையில் பட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று, வயருக்கு அடியில் முழத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மர முக்காலி வைத்திருப்பார். அதில் ஒன்றை அவர் சம்சாரம் அபயாம்பாள் மாமி எடுத்துப் போய் ஆறு மாசமாக ரசச் சட்டிக்கு அடியில் வைத்துப் புழங்குகிறார். நுட்பமான காதுக்கு அது இன்னும் தெரியவில்லை.

அவருக்கு ஒரு ஆசை. நடுவில் கண்டன்சரே இல்லாத ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வேண்டும். "கண்டன்சர் இருந்தா எனக்குத் தெரிஞ்சுடும் கேட்டேளா, இசக்கி? காதுக்கு முன்னால ஒரு திரை போட்ட மாதிரி இருக்கும்" என்றாராம். என் வீட்டுக்காரர் அன்றைக்கே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

"அப்படி என்னங்க அதிசயம் அதுல?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஏட்டி, சாதா ஆம்ப்ளிபயர்ல சின்ன வால்வுக்கும் பெரிய வால்வுக்கும் நடுவுல ஒரு கண்டன்சர் நிக்கும். வாட்ச்மேன் மாதிரி. பாட்ட மட்டும் உள்ள விடும், வோல்ட்ட விடாது. ஆனா அவன் பாட்டுலயும் கொஞ்சம் கைய வச்சிருவான். நான் வாட்ச்மேனையே தூக்கிட்டேன். ஒரு வால்வுல இருந்து இன்னொண்ணுக்கு நேரா வயரு."

"அப்ப அந்த வோல்ட்டு?"

"அதுவும் சேந்துதான் போவும். அதுக்குத்தான் கணக்கு. சின்ன வால்வுல தொண்ணூறு வோல்ட் இருந்தா, பெரிய வால்வை அதுக்கும் மேல நூறுல தூக்கி உக்கார வைக்கணும். சின்னதுல பத்து வோல்ட் ஏறுனாப் போதும், பெரியது தாங்காது, செவந்துரும்."

"நம்ம கோலி மாதிரின்னு சொல்லுங்க. நடுவுல தடுப்பே கிடையாது. நீங்க இருமுனா எனக்கு ஊசி கையில ஏறுது."

"அதேதாண்டி!" என்று அவர் தொடையைத் தட்டினார். என்னமோ நான் புகழ்ந்துவிட்ட மாதிரி.

நாலு வீடு தள்ளி இருக்கும் உதுமான் பாய் ட்ரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார். தகரப் பெட்டியை இவரே வளைத்தார். மூன்று மாசம் ஆயிற்று. ஒரு நாள் நான் தைத்த பட்டு பிளவுஸில் ஈயம் சொட்டிப் பொட்டளவு ஓட்டை விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் பந்தயம் வைத்தேன்.

"பஞ்சு சார் வீட்டுல ஒரு மணி நேரம் இது அணையாம பாடணும். பாடுச்சுன்னா, சாகுற வரைக்கும் நான் மூலையப் பத்திப் பேச மாட்டேன். பாடலன்னா ஒங்க மேச வெளிய, என் மிஷின் உள்ள. சம்மதமா?"

"சம்மதம்."

"கைல அடிச்சுச் சொல்லுங்க."

அடித்தார். கிரீஸ் என் கையில் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் ஆயுத பூஜை. அவருக்கு அன்றைக்கு வீட்டில் இருக்கவே நேரம் கிடையாது. முப்பது கட்டடத்திலும் மொட்டை மாடி லிப்ட் மோட்டாருக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பூஜை என் பொறுப்பு. கத்தரிக்கோல், மிஷின், ஸ்பேனர், டெஸ்டர், மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். மேஜையில் ஆம்ப்ளிபயர் தலைகீழாகக் கிடந்தது, குடலெல்லாம் வெளியே தெரிய. முந்தைய நாளே வயரைப் பிடுங்கி வைத்திருந்தார். முகத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மனசு ஒப்பவில்லை. வேலை செய்வது உள்ளே, பொட்டு மட்டும் வெளியேவா? எல்லா வயரும் எங்கே போய்ச் சேர்கிறதோ அந்தச் சின்ன வால்வு செருகும் பேஸில், பின்பக்கம், இரண்டு காலுக்கு நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். பந்தயம் வேறு, சாமி வேறு. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர் பூஜை முடிந்ததும் உட்கார்ந்தார். ஒரு ரெசிஸ்டன்ஸை மாற்றுவார், மீட்டரைப் பார்ப்பார், தலையைச் சொறிவார். வயருக்கு நடுவில் என் பொட்டு அவர் கண்ணில் படவில்லை.

"காகிதத்துல ஒரு கணக்கு வருது, மீட்டர்ல ஒரு கணக்கு வருது. பழைய வால்வு, அதான் போல" என்று முணுமுணுத்தார். காகிதத்தில் எழுதிய அளவை விட்டுவிட்டு, மீட்டர் கேட்ட அளவில் ஒரு ரெசிஸ்டன்ஸைத் தேடி வைத்தார். தொண்ணூறு வோல்ட் அப்படியே நின்றது.

பிறகு ஒரு நாதஸ்வரம் போட்டார். தோடி. எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன், சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று யோசித்துக்கொண்டு. அன்றைக்கு வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்ததும் சட்டென்று பாபின் மாற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மூலை போய்விடுமே.

பத்து நாள் தினமும் பாடியது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சு சார் வீட்டுக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் குளிக்கிற இடமான மோரியில் குளித்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிபயர் அடித்தகடு போடுவதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தது. பார்த்தேன். என் பொட்டு குங்குமமெல்லாம் உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்து, ஈயம் வைக்கிற பேஸ்ட் வழிந்த மாதிரி அசிங்கமாக இருந்தது. பஞ்சு சார் வீட்டுக்குப் போகிற சாமான். அபயாம்பாள் மாமி பார்த்தால் என்ன நினைப்பார்? துணியைத் தின்னரில் நனைத்துப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை, அந்த முப்பிடாதி அம்மன் சத்தியமாக.

டாக்சியில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனோம். பஞ்சு சாரோடு அவர் சிநேகிதர்கள் நாலு பேர், கண்ணை மூடிக் கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மாமி எல்லாருக்கும் காபி கொடுத்தார். வால்வு சூடேறியது. அதே நாதஸ்வரம்.

"ஆஹா. திரை விலகிடுத்து" என்றார் பஞ்சு சார், கண்ணை மூடியபடி.

நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். மூன்றாவது நிமிஷம் பெரிய வால்வுக்குள் இருந்த தகடு பீடி நுனி போலச் சிவந்தது. அப்புறம் அகலமாகச் சிவந்தது. நாதஸ்வரம் கரகரத்தது. ஒரு கருகல் வாசனை. என் வீட்டுக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். நாலு நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்தாறு நிமிஷம் குறைவு.

"அச்சச்சோ, அடுப்பை அணைச்சேனோ இல்லையோ" என்று மாமி சமையலறைக்கு ஓடினார்.

பஞ்சு சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "போறது இசக்கி, விடுங்கோ. லிப்ட் வேற, இது வேற."

திட்டியிருந்தால் கூட இவருக்குப் பரவாயில்லை. அந்த வார்த்தை அவர் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கூட மாற்றவில்லை, சுத்தியலை எடுத்தார். தானே ஆணியைப் பிடுங்கி, மேஜையின் காலைக் கழற்றி மடக்கி, என் மிஷினைத் தூக்கிவந்து ஜன்னலுக்குக் கீழே வைத்தார். "சொன்னா சொன்னதுதான்" என்றார். சாயங்காலம் நாலு மணி வெளிச்சம் என் ஊசி முனையில் விழுந்தது. ஒரே முயற்சியில் நூல் கோத்தேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதினோரு வருஷம்!

அவர் வாசற்படி ஓரத்தில், நான் இருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, சின்ன வால்வுல தொண்ணூறு இருந்துச்சு. இப்ப நூத்தி நாப்பது. எல்லா ரெசிஸ்டன்சும் வச்சது வச்சபடி இருக்கு. ஒரு வயரு மாறல." மீட்டர் ஊசியைக் கீழே வைத்தார். "ஏதோ ஒண்ணு உள்ள இருந்துச்சு. இப்ப இல்ல."

ஊசி என் விரலில் ஏறியது.

எனக்குச் சர்க்யூட் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்து இல்லாமல் போனது என்ன என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் பந்தயம் செல்லாது, மேஜை திரும்பி வரும். சொல்லாவிட்டால் ஜன்னல் என்னுடையது. மகளுக்குப் போன் போட்டேன்.

"மம்மி, சுப் ரஹோ ந. கார்னர் மில் கயா, பஸ்" என்றாள் முத்துமாரி. வாயை மூடிக்கொண்டு ஜன்னலை அனுபவி என்பது அவள் தீர்ப்பு. நான் பெற்ற பிள்ளை அப்படித்தான் இருக்கும்.

மூன்று நாள் அனுபவித்தேன். பதினோரு பிளவுஸ் தைத்தேன். மூன்றாவது நாள் அவர் ஆம்ப்ளிபயரை என் பழைய சேலையில் சுற்றி, போட்மாளா என்கிற பரணில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "பஞ்சு சார் சொன்னது சரிதான். லிப்ட் வேற, இது வேற" என்றார். சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு டிவி அன்றைக்கு 'ம்ம்' என்று கத்தியது. இவர் காதைச் சாய்க்கவே இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த மனுஷன் சண்டை போட்டால் சமாளிப்பேன், சும்மா இருந்தால் என்ன செய்வது? நான் ஜெயித்தது அவரை இல்லையே, ஒரு துணித் துண்டால் துடைத்தல்லவா ஜெயித்திருக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் வேலைக்குப் போன பிறகு பெட்டியை இறக்கினேன். பிடுங்கி வைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அவர் செய்வது போலவே மரப்பிடி ஸ்க்ரூட்ரைவரால் அங்கங்கே தொட்டு இறக்கினேன். சந்தனம் குழைத்தேன். அதே பேஸ், அதே இரண்டு கால், நடுவில் பொட்டு. மேலே துளி குங்குமம். ஃபேனுக்கு அடியில் காய வைத்து, அடித்தகட்டை மூடினேன்.

ஐந்தரைக்கு வந்தார்.

"அந்தச் சனியன ஒரு தடவ போடுங்களேன். சும்மா தச்சிட்டு இருக்கதுக்குப் பாட்டாவது கேக்கட்டும்" என்றேன், மிஷினைப் பார்த்தபடி.

"செவக்கும்."

"செவந்தா செவக்கட்டும். சீரிஸ் பல்ப மாட்டிட்டுப் போடுங்க. கோளாறுன்னா பல்பு எரியும், அவ்வளவுதான?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு வருஷம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டது காதில் ஏறாமலா இருக்கும்? மாட்டினார். போட்டார். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, அடங்கியது. அளப்பதற்காகப் பெட்டிக்கு மேலே விட்டிருந்த கம்பியில் மீட்டரை வைத்தார். தொண்ணூறு. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தார். தொண்ணூறுதான். தோடி எழும்பியது. பெரிய வால்வு சிவக்கவில்லை. அவர் நின்றபடியே நின்றார்.

கால் மணி நேரம் ஆனது. வால்வு நன்றாகச் சூடேறியதும் வீட்டில் லேசாக ஒரு வாசனை. அவர் மூக்கு அசைந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார், முகர்ந்தார். மெல்லத் திரும்பினார். நான் மிஷினை வேகமாக மிதித்தேன். துணியே வைக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"ஏட்டி."

"என்ன?"

"என்ன செஞ்ச?"

"பொட்டு வச்சேன்! பூசைக்கு வச்சேன். அசிங்கமா இருக்கேன்னு அந்த ஞாயித்துக்கிழம தொடச்சேன். இன்னைக்கு மறுபடி வச்சேன். போதுமா? தூக்குல போடுங்க."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்தார். பொட்டின் இரண்டு ஓரத்திலும் மீட்டர் ஊசியை வைத்தார். "பதினெட்டு மெக் ஓம் ரெசிஸ்டன்ஸ்" என்றார். "இந்தச் சந்தனம் வழியா ஒரு நூல் கரண்ட் கசிஞ்சிருக்கு. அதுக்குத் தக்கன நான் ரெசிஸ்டன்ஸ் மாத்தியிருக்கேன். ஏட்டி, நீ வச்ச பொட்டுக்கு நான் டிசைன் பண்ணியிருக்கேண்டி!" அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், ட்ரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டதோ என்று உதுமான் பாய் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. ட்யூப் லைட்டால் வந்தது இல்லை.

பொட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, காகிதத்தில் முதல் நாள் எழுதிய அளவுக்கே ரெசிஸ்டன்ஸை மாற்றினார். மீட்டர் தொண்ணூறைக் காட்டியது. "என் கணக்கு சரிதாண்டி" என்று காகிதத்தை உயர்த்திக் காட்டினார். பத்தாம் வகுப்பு பாஸான பையன் போல இருந்தது முகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பஞ்சு சார் வீடு. அதே நாலு பேர். மாமி முன்ஜாக்கிரதையாக அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பாடியது. ஒன்றேகால் மணி நேரம் பாடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"போன வாரம் என்ன கோளாறு?" என்றார் பஞ்சு சார்.

ஏதாவது ஒரு காரணம் சொன்னால் போதாதா? நம் ஆளுக்குத்தான் வராதே. பூஜை, பொட்டு, பதினெட்டு மெக், துணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. பஞ்சு சார் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்போ இப்போ அந்தச் சந்தனம் இல்லையா?"

"இல்ல சார். சுத்தமா எடுத்தாச்சு."

"அதான் பார்த்தேன்! போன வாரம் முதல் ரெண்டு நிமிஷம் ஒரு குளிர்ச்சி இருந்தது கேட்டேளா? இன்னிக்கு அது இல்லை. எங்கே போச்சுன்னு ஒரு மணி நேரமா யோசிச்சுண்டிருக்கேன்."

போன வாரம்தான் நான் துடைத்துவிட்டேனே! என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "சார், போன வாரமும் அது..."

அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். வாய் மூடியது.

"சந்தனம் இல்லாம எனக்கு வேண்டாம்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு, பஞ்சு சார் என் பக்கம் திரும்பினார். "மாரீஸ்வரி, நீயே உன் கையால வச்சுக் கொடும்மா. அபயம், கல்லை எடுத்துண்டு வா."

மாமி சந்தனக் கல்லில் அரைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைக் கவிழ்த்தார்கள். நாலு பேரும் குனிந்து பார்க்க, வால்வுக்கும் வயருக்கும் சம்பந்தமே இல்லாத ஓரத்தில், வெறும் தகரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொட்டு வைத்தேன். திருப்பி வைத்துப் பாட விட்டார்கள்.

"ஆ... இதோ! வந்துடுத்து!" என்றார் பஞ்சு சார். நாலு தலையும் ஆடின. ஒருவர், இது மைசூர்ச் சந்தனமா மறையூர்ச் சந்தனமா, எதில் சத்தம் ஒசத்தி என்று கேட்டார்.

"சார், அந்தப் பொட்டு ஒண்ணும் செய்யாது. வெறும் தகரத்துல இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், பொறுக்கமாட்டாமல்.

"இசக்கி, உங்களுக்குக் கை பிரமாதம். காதுதான் போறாது" என்று பஞ்சு சார் அவர் தோளைத் தட்டினார்.

மாமி என் காதோடு சொன்னார்: "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தான் கேக்கறது. வெளில சொல்லாதே."

அந்த நாலு பேரும் தங்களுக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றார்கள். இதே போல, இந்த அம்மா கையாலேயே பொட்டு வைத்து. எனக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது.

"வைக்கேன் சார். ஆனா நூல் பிசகாம வைக்கணும்லா? நல்ல வெளிச்சம் வேணும். எங்க வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்தாத்தான் எனக்குக் கை சரியா வரும். அங்கதான் எடத் தகராறு."

"என்ன தகராறு? இசக்கி, ஜன்னல் அவளுக்கே இருக்கட்டும்" என்றார் பஞ்சு சார், கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி. நாலு தலையும் மறுபடி ஆடின. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

இப்போது ஜன்னலுக்குக் கீழே என் மிஷின். அவர் வாசற்படி ஓரத்தில் சுவரில் ஒரு மடக்குப் பலகை அடித்து அதில் வேலை பார்க்கிறார், யாராவது வந்தால் பலகையை மடக்குகிறார். நாலு ஆம்ப்ளிபயரும் முடிந்து போயாயிற்று. ஒவ்வொன்றிலும் வெறும் தகரத்தில் என் பொட்டு. வாங்குகிறவர்களிடம் அவர் ஒவ்வொரு தடவையும், இது ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்க்கிறார். யாரும் நம்புவதில்லை.

ஐந்தாவதாக எங்கள் வீட்டுக்கு ஒன்று செய்தார். முடிக்கும்போது பெட்டியைக் கவிழ்த்து என்னிடம் நீட்டி, "ஏட்டி, இதுல மட்டும் பழைய எடத்துலயே வையி" என்றார். பார்த்தேன். அதில் வைத்திருந்தது காகிதத்தில் இருந்த அளவு இல்லை, விஜயதசமியன்று மீட்டர் கேட்டதே, அந்த அளவு. பொட்டு இல்லாவிட்டால் ஓடாத மாதிரி வேண்டுமென்றே செய்திருக்கிறார். "கோட்டி பிடிச்சிருக்கா?" என்றேன். சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பொட்டு மாசக் கணக்கில் நிற்காது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் ஒரு கணக்கு, வெயிலில் காய்ந்தால் ஒரு கணக்கு. தொண்ணூறு நகர்ந்தால் என்னிடம்தான் வர வேண்டும். சண்டை என்றால் நான் வைக்க மாட்டேன், வீட்டில் பாட்டுக் கிடையாது. போன மாசம் என் நல்ல கத்தரிக்கோலால் வயரை வெட்டிவிட்டார். மூன்று நாள் வீடு கப்சிப்.

நாலாவது நாள் காலையில் இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். மன்னிப்பெல்லாம் அவருக்கு வராது. "வெளிச்சம் இங்கதான நல்லாருக்கு" என்றார்.

நான் தையலை நிறுத்தினேன். கையைக் கழுவிவிட்டு வந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.

"ஜன்னல மறைக்காம நில்லுங்க" என்றேன்.